யாருக்கு விருது, எந்த வீட்டில் அடி

சினிமா விருது யாருக்குப் போகும் என்று முன்கூட்டியே சொல்வதில் அன்றைய அடுகோடியில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அதை ரசனை என்று யாராவது நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். எங்கள் வரிசை வீடுகளின் பெண்கள் அந்தக் கணக்கைப் போட்டது முதுகைக் காப்பாற்றிக்கொள்ள. தன் நடிகருக்கு விருது கிடைக்காத ஆண்பிள்ளை அன்று சாயங்காலம் நேராகச் சாராயக் கடைக்குப் போவான். அங்கிருந்து நேராக வீட்டுக்கு வந்து பெண்டாட்டியை அடிப்பான். அதனால் விருது யாருக்கு என்று தெரிந்துவிட்டால், எந்த வீட்டில் அடி விழும் என்றும் தெரிந்துவிடும். விஷயம் இவ்வளவுதான்.

ஐம்பதுகளின் கடைசி அது. மெட்ராஸில் ஒரு சங்கம் வருஷா வருஷம் சிறந்த நடிகர், சிறந்த நடிகை என்று அறிவித்துக்கொண்டிருந்தது. டெல்லியில் கொடுப்பது ஒரு பக்கம், பத்திரிகைக்காரர்கள் கொடுப்பது ஒரு பக்கம். கன்னட நாட்டில் பிழைக்க வந்த எங்கள் ஆட்களுக்கு அதெல்லாம் பொருட்டில்லை, மெட்ராஸ் விருதுதான் உயிர். பொங்கல் முடிந்ததும் டீக்கடையில் வாக்குவாதம் ஆரம்பித்துவிடும். முடிவு வரும் நாளை முன்னாலேயே பேப்பரில் போட்டுவிடுவார்கள். அன்றைக்கு மெட்ராஸ் பேப்பர் ரயிலில் கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு வரும். சைக்கிள் கடைக்காரர் அங்கே காத்திருந்து வாங்கிக்கொண்டு மிதித்து வருவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். பட்டறைகள் விடும் நேரமும் அதுவே. எங்கள் கெட்ட நேரமும் அதுவே.

என் தங்கச்சியின் புருஷனுக்கு ஒரு லேத் பட்டறையில் வேலை. இரும்பைப் பிடித்துப் பிடித்துக் கையே இரும்பாகிவிட்ட மனுஷன். ஊரெல்லாம் பெரிய நடிகர்கள் பின்னால் போனால் இவன் மட்டும் இரண்டாம் வரிசை நடிகர் ஒருவரைப் பிடித்துக்கொண்டான். கதாநாயகியின் அண்ணனாக, நல்ல போலீஸ்காரராக வருவாரே, அந்த மாதிரி ஆள். பட்டறைக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு அவருக்கு ஒரு ரசிகர் மன்றம் வைத்திருந்தார்கள். அவர் படத்துக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் பூ விழும். தங்கச்சி தலைக்குத்தான் விழாது.

ஒரு வருஷம் அந்த நடிகருக்குத் துணை நடிகர் விருது கிடைக்கும் என்று மன்றமே நம்பியிருந்தது. கிடைக்கவில்லை. அன்றைக்கு அவன் வந்து என் தங்கச்சியின் வயிற்றில் உதைத்தான். ஐந்தாம் மாதம். குழந்தை போய்விட்டது. "கால் தடுக்கி உழுந்துட்டேன்" என்று அவள் எல்லாரிடமும் சொன்னாள், என்னிடமும் சொன்னாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அவள் எப்படி விழுந்தாள் என்பது எனக்குத் தெரியாதா?

அடுத்த வருஷம் அதே நடிகருக்கு அதே விருது கிடைத்தது. அன்று அவன் மல்லிகைப் பூவும் ஆட்டுக்கறியும் வாங்கிக்கொண்டு வந்தான். சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தைக்கூட அவனே கழுவினான். தெருவே வேடிக்கை பார்த்தது. ஜெயித்தால் பூ, தோற்றால் உதை என்று எங்கள் எல்லார் மனதிலும் பதிந்துபோனது. மழை வருமா வராதா என்று பார்த்துத் துணி காயப்போடுகிற மாதிரி நாங்கள் விருதைப் பார்க்க ஆரம்பித்தோம்.

நானும் தங்கச்சியும் ஊதுவத்தி கம்பெனியில் வத்தி உருட்டிக்கொண்டிருந்தோம். கரியும் பிசினும் கலந்த மாவைப் பலகையில் வைத்து, மூங்கில் குச்சியைப் போட்டு ஓர் இழுப்பு இழுத்தால் ஒரு வத்தி. உள்ளங்கைக் கறுப்பு எந்தச் சோப்புக்கும் போகாது. வேலை கைக்குத்தான், வாய் சும்மாதான் இருக்கும். மேஸ்திரி டீ குடிக்கப் போனதும் பெண்கள் என் பலகையைச் சுற்றி வந்துவிடுவார்கள்.

"யக்கா, எங்க ஊட்டு ஆளோட நடிகரு இந்த வருஷம் எல்லாப் படத்துலயும் குதிர மேலயே போய்க்கினு கீறாரே, கெடைக்குமா?"

"குதிரைக்கு வேணா குடுப்பாங்க. நீ அன்னிக்கு உங்கம்மா ஊட்டுக்குப் போயிடு."

எல்லாரும் சிரிப்பார்கள். கேட்டவளும் சிரிப்பாள். அந்த நாளில் அவள் அம்மா வீட்டுக்குப் போயும் விடுவாள்.

என் வழி ரொம்பச் சாதாரணம். விருது கொடுக்கிறவர்கள் வயசான பெரிய மனிதர்கள். அவர்களுக்குக் கத்திச் சண்டை ஆகாது. கண் போக வேண்டும், இரும வேண்டும், கடைசி ரீலில் சாக வேண்டும். போன வருஷம் வாங்கினவருக்கு இந்த வருஷம் கிடையாது. இதையெல்லாம்விட முக்கியம் இன்னொன்று. சினிமாக் கொட்டகையில் சோக சீன் வரும்போது நான் திரையைப் பார்க்க மாட்டேன். பெண்கள் பக்கம் எதற்கும் அழும், அது கணக்கில் சேராது. ஆண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வீட்டில் பெண்டாட்டி ரத்தம் வழிய நின்றாலும் கண் கலங்காத பயல்கள் இருட்டில் எந்த நடிகருக்காக மூக்கை உறிஞ்சுகிறார்களோ, அவருக்குத்தான் விருது. இந்தக் கணக்கு எனக்குப் பொய்த்ததே இல்லை.

என் வீட்டுக்காரருக்குத் தச்சு வேலை. சினிமாவுக்குக் கூட்டிப் போனால் விளக்கு அணைந்ததும் தூங்கிவிடுகிற நல்ல மனுஷன். "உனக்கு எதுக்கு இந்தப் பொல்லாப்பு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவருக்கு என்ன, அவர் முதுகா?

சில வருஷம் கழித்துத் தங்கச்சி மறுபடியும் முழுகாமல் இருந்தாள். எட்டு மாதம். அவள் புருஷனின் நடிகரும் அந்த வருஷம் முதல் தடவையாகக் கதாநாயகனாக நடித்திருந்தார். கண் தெரியாமல் போன வண்டிக்காரன், மகள் கல்யாணத்தன்று செத்துப்போகிறான். மன்றத்துக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. துணை நடிகர் எல்லாம் இனிமேல் எதற்கு, சிறந்த நடிகரே நம்மவர்தான் என்று சுவரெல்லாம் எழுதினார்கள்.

தோற்றால் இந்தக் குழந்தையும் போய்விடும். அவ்வளவு ஏன், இவளே பிழைப்பாளோ மாட்டாளோ. சந்தாபுராவில் எங்கள் சித்தி இருந்தாள், அங்கே அனுப்பிவிடலாம்தான். ஆனால் ஜெயித்த நாளில் வீட்டில் விளக்கேற்றப் பெண்டாட்டி இல்லை என்றால் அதற்கும் அவன் ஆடுவான். முன்பு ஒரு தீபாவளிக்குச் சொல்லாமல் போனாள் என்று, பஸ் நிற்கும் இடத்திலிருந்து அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தவன். இருந்தாலும் ஆபத்து, போனாலும் ஆபத்து. அவள் என்னைத்தான் பார்த்தாள்.

"யக்கா, நீ சொல்லு. நீ சொல்றதுதான். போவட்டா, இருக்கட்டா?"

அந்தப் படத்தை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வண்டிக்காரன் மகளின் முகத்தைத் தடவிப் பார்க்கிற இடத்தில் ஆண்கள் பக்கம் முழுக்க மூக்கை உறிஞ்சியது. முறுக்கு விற்கிறவன் கூடை மேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். பெரிய நடிகர்களில் ஒருவர் போன வருஷம் வாங்கியவர், மற்றவர் அந்த வருஷம் பூராவும் கத்தி சுழற்றிக்கொண்டிருந்தவர். சந்தேகமே இல்லை.

"இரு. உன் புருஷனோட ஆளுக்குத்தான். பாயசம் வச்சிட்டு இரு" என்றேன்.

எதிர் வீட்டுக்காரியைக் குழந்தைகளோடு பொம்மனஹள்ளி மாமியார் வீட்டுக்கு அனுப்பினேன், அவள் புருஷன் கத்திக்கார நடிகரின் ஆள். குழாயடி வீட்டுக்காரியைக் கோயிலுக்குப் போய்க் கோயில் மூடும்வரை உட்கார்ந்திருக்கச் சொன்னேன், அவள் புருஷன் போன வருஷம் வாங்கியவரின் ஆள். எல்லாரும் சொன்னபடி செய்தார்கள்.

சாயங்காலம் ஓசூர் ரோட்டுப் பக்கமிருந்து சைக்கிள் மணி கேட்டது. கடைக்காரர் ஒரு கையில் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தார். மன்றத்தில் வெடி வெடித்தது. ஜெயித்துவிட்டார்! நானும் தங்கச்சியும் வாசலிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டோம். அவள் வயிறு இடித்தது. உள்ளே இருந்தது ஓர் உதை விட்டது, அதற்கும் சிரித்தோம். அப்பாடா என்று நான் போய்க் களிக்கு உலை வைத்தேன்.

அவன் கழுத்தில் மாலையோடு வந்தான். வெள்ளைச் சட்டை முழுக்கக் குங்குமம். குடித்திருந்தான், ஆனால் குஷியில் இருந்தான். என் வாசலில் நின்று ஒரு மைசூர்பாகை நீட்டினான்.

"யக்கா, துன்னு! பாத்தியா நம்ம தலைவர? எவனும் நம்பல, நான் ஒருத்தன்தான் நம்பினேன்."

"நல்லாயிரு தம்பி" என்று வாங்கிக்கொண்டேன். மனதாரத்தான் சொன்னேன்.

களி கொதித்துக்கொண்டிருந்தது. நான் துடுப்பைப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் பேசுவது கேட்டது. தங்கச்சி அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"எனக்கு முன்னாடியே தெரியும். அக்கா அப்பவே சொல்லிட்டாங்க, உங்காளுக்குத்தான்னு. இல்லன்னா நான் இந்நேரம் சந்தாபுராவுல இருந்திருப்பேன்."

"சந்தாபுராவா? இன்னாத்துக்கு?"

"தோத்துட்டா..."

என் கை துடுப்போடு நின்றுவிட்டது.

"என் தலைவரு தோப்பாருன்னு நெனச்சியாடி?" மெதுவாகத்தான் ஆரம்பித்தான். "என் சோத்தத் துன்னுக்கினு, என் ஊட்டுல ஒக்காந்துக்கினு, அவரு தோப்பாருன்னு மூட்ட கட்டி வச்சியாடி?"

முதல் அறை விழுந்த சத்தம் சுவரிலேயே விழுந்த மாதிரி இருந்தது. பாத்திரம் உருண்டது. பாயசம்தான். அவள் "ஐயோ, வயிறு! வயிறு!" என்று கத்தினாள்.

என் கணக்கு தப்பவில்லை. ஜெயிப்பார் என்றேன், ஜெயித்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. பாவி, ஜெயித்ததற்கும் அடித்தான்! தோற்றால் தோற்றார் என்று அடித்தான், ஜெயித்தால் தோற்பார் என்று நீ நினைத்தாயே என்று அடித்தான். அவன் கைக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நாங்கள் பைத்தியக்காரிகள் மாதிரி மெட்ராஸைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் எழுந்தேன். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்தார்.

"புருஷன் பொண்டாட்டி விஷயம். நாம போகக் கூடாது."

"வயித்துல இருக்கிறதும் அவன் பொண்டாட்டியா? கைய வுடு!"

துடுப்பைக் களியிலிருந்து உருவிக்கொண்டு போனேன். அதன் தலையில் கொதிக்கிற களி உருண்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. கதவு சாத்தியிருந்தது. தோளால் இடித்தேன், தாழ்ப்பாள் பிய்ந்து விழுந்தது.

அவள் மூலையில் இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டு குறுகிக் கிடந்தாள். இடது காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு வழிந்தது. அவள் தலைமயிர் அவன் ஒரு கையில் சுற்றியிருந்தது. அவன் கழுத்தில் மாலை அப்படியே கிடந்தது. உதைக்கக் காலைத் தூக்கியிருந்தான்.

தூக்கிய அந்த முழங்காலில் போட்டேன். எலும்பில் மரம் பட்ட சத்தம் கேட்டது. களி அவன் தோலில் ஒட்டிக்கொண்டது. அது லேசில் விடாது, சுட்டுக்கொண்டே இருக்கும். அவன் அலறிக்கொண்டு அதைப் பிய்க்கக் குனிந்தான். குனிந்தவன் முதுகில் போட்டேன். தங்கச்சி தலைமயிரை விட்டுவிட்டு என் கழுத்தைப் பிடித்தான். எனக்குக் கண் இருட்டியது. அப்போது தரையில் கிடந்தவள் தவழ்ந்து வந்து அவன் கணுக்காலைக் கடித்தாள். சதை வாயோடு வருகிற மாதிரி கடித்தாள். அவன் பிடி தளர்ந்தது. அவன் வலது மணிக்கட்டைப் பார்த்து, அந்த லேத் பிடிக்கிற கையைப் பார்த்து, என் பலம் அத்தனையும் சேர்த்து இறக்கினேன். கை தொங்கிவிட்டது.

எனக்கு இனித்தது. ஏன் மறைக்க வேண்டும்? ஒவ்வோர் அடியும் இனித்தது.

அதற்குள் வத்தி உருட்டுகிற பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். எங்களிடம் வாடகை வாங்குகிற வீட்டுக்காரம்மா கன்னடத்தில் "அய்யய்யோ, பிடு, பிடு!" என்று விடச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடி வந்தவள், தங்கச்சியின் காதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். பிறகு அவளே அவன் சட்டையைப் பிடித்தாள். நான் விட்டாலும் அவர்கள் விடவில்லை. குழாயடி வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்ப் போட்டு மிதித்தார்கள். கோயிலிலிருந்து திரும்பிய குழாயடி வீட்டுக்காரி யாரை, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. துணி துவைக்கிற கட்டையை எடுத்துக்கொண்டு நேராக உள்ளே புகுந்தாள். வருஷக்கணக்காக வாங்கியதை எல்லாம் அவன் ஒருத்தன் மேல் இறக்கினார்கள். வெள்ளைச் சட்டை முழுக்கக் கறுப்புக் கை அச்சு.

மன்றத்து ஆள் ஒருவன் ஓடி வந்தான். "தலைவரு ஜெயிச்ச நாளும் அதுவுமா இன்னாம்மா கலாட்டா இது?" என்றான். துவைக்கிற கட்டை அவன் தாடையில் விழுந்தது. பல்லைத் துப்பிக்கொண்டு போய்விட்டான். மற்றவர்கள் கிட்டேயே வரவில்லை.

ஜட்காவில் தங்கச்சியைப் படுக்கவைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். "கீழே விழுந்தாளா?" என்று நர்ஸம்மா கேட்டாள். தங்கச்சி வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன்: "இல்ல. புருஷன் அடிச்சான்." அவள் எழுதிக்கொண்டாளா என்று நான் பார்க்கவில்லை. சொல்லிவிட்டேன், அது போதும்.

மறுநாள் காலையில் குழந்தை பிறந்தது. பெண். உள்ளங்கை அகலம்தான் இருந்தது, ஆனால் கத்திய கத்தலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. நான் சுவரில் சாய்ந்து ஓவென்று அழுதேன். தங்கச்சிக்கு இடது காது மட்டும் திரும்பவில்லை. சவ்வு கிழிந்துவிட்டது, இனிமேல் அந்தப் பக்கம் கேட்காது என்றார் டாக்டர்.

அவன் கைக்கட்டோடு பட்டறைக்குப் போக முடியாமல் கிடந்தான். பெரியவர்கள் வந்து பேசினார்கள். குழந்தைக்குத் தலை நின்றதும், எனக்குப் பிடிக்காவிட்டாலும், தங்கச்சி தன் வீட்டுக்குத் திரும்பிப் போனாள். போகும்போது என் அடுப்பங்கரைக்குள் நுழைந்து துடுப்பை எடுத்துக்கொண்டாள்.

"களி கிண்ட நீ வேற வாங்கிக்கக்கா" என்றாள்.

அடுத்த பொங்கல் வந்தது. டீக்கடையில் மறுபடியும் வாக்குவாதம் தொடங்கியது. கம்பெனியில் புதிதாக வந்த ஒருத்தி என் பலகையிடம் வந்து, "இந்த வருஷம் யாருக்குக்கா?" என்று கேட்டாள்.

"தெரியாது போடி" என்றேன். யாருக்குக் கிடைத்தால் எங்களுக்கு என்ன? முடிவு வருகிற நாளில் எங்கள் வரிசையில் ஒருத்தியும் அம்மா வீட்டுக்குப் போகவில்லை, கோயிலுக்கும் போகவில்லை. ஒவ்வொரு வாசலிலும் ஒரு துடுப்போ துவைக்கிற கட்டையோ சாய்த்து வைத்திருந்தது.

சைக்கிள் மணி கேட்டது. மன்றத்தில் வெடி வெடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவன் தெருமுனையில் தெரிந்தான். குடித்திருந்தான். ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே வந்தான். தங்கச்சி இடுப்பில் குழந்தையும் கையில் துடுப்புமாகத் தன் வாசலில் நின்றாள். நான் என் வாசலில் நின்றேன்.

அவன் அவள் முன்னால் வந்து நின்றான். தலையைக் குனிந்துகொண்டு, "தலைவரு தோத்துட்டாரு" என்றான்.

தங்கச்சி முகத்தைத் திருப்பி இடது காதை அவனிடம் காட்டினாள்.

"இன்னா? கேக்கல."

"தலைவரு தோத்துட்டாரு."

"கேக்கலன்றேன். இந்தக் காது போனது உனக்குத் தெரியாதா? கத்திச் சொல்லு."

தெருவில் எல்லாப் பெண்களும் வெளியே வந்து நின்றார்கள். முனையில் மன்றத்து ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவன் துடுப்பைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், எங்கள் எல்லாரையும் பார்த்தான்.

"தலைவரு தோத்துட்டாரு!" என்று கத்தினான். மன்றம்வரை கேட்டிருக்கும். குரல் உடைந்து அழுகையாக வந்தது.

"இப்ப கேட்டுச்சு" என்றாள். "கை கழுவிக்கினு வா, களி ஆறுது."

அவன் குழாயடிக்குப் போனான். அவன் உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் துடுப்பைக் கீழே வைக்கவில்லை.